கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு இடம் பிடிப்பது: பெரிய குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கப்பலில் இருக்கும்போதே அடுத்த கப்பலுக்கு முன்பணம் கட்டுகிறவர்களை என் கணவர் ஏமாளிகள் பட்டியலில் வைத்திருக்கிறார். விடுமுறை மயக்கத்தில் இருக்கிற ஆளிடம் எதையும் விற்றுவிடலாம், அதற்காகத்தான் அடுத்த பயணத்தை விற்கும் மேசை ஒன்றையே கப்பலுக்குள் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பயணக் கணக்கு என் கையில். கும்பகோணத்திலிருந்து மாமனார், மாமியார். சியாட்டிலிலிருந்து கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய நான்கு வயது மகன். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் நால்வர். இந்த ஒன்பது பேரை ஒரே தேதியில் ஒரே கப்பலில் ஏற்றுவதற்கு வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் நடக்கும் பேச்சுவார்த்தை, கப்பலில் ஒரு சாப்பாட்டு மேசையில் ஒரு மாலையில் முடிந்துவிடும். முடிவெடுக்கிறவர்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் "பிறகு பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவ முடியாது. எடுக்கப்போகும் அறை எப்படி இருக்கும் என்பதையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். கப்பல் நிறுவனம் தரும் சலுகையைவிட இந்த இரண்டும்தான் பெரிய லாபம்.

கடந்த டிசம்பரில் கொழுந்தன் குடும்பம் வந்திருந்தபோது சிங்கப்பூரின் மெரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போய் வரும் நான்கு இரவுப் பயணம் போனோம். அதில் இருந்துகொண்டே, சியாட்டிலில் ஏறி அலாஸ்கா பார்த்துவரும் ஏழு இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்தோம். உதாரணமெல்லாம் அதிலிருந்தே சொல்கிறேன். உங்கள் கப்பலும் கடலும் வேறாக இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான்.

முதலில் சலுகை என்னவென்று பார்த்துவிடுவோம். பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. ராயல் கரீபியனில் அதற்கு நெக்ஸ்ட்குரூஸ் என்று பெயர். கப்பலையும் தேதியையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் இணையத்தில் இருப்பதுதான். அதற்கு மேல், அடுத்த பயணத்தின்போது கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகையை வரவு வைக்கிறார்கள். இரவுகள் கூடினால், அறையின் தரம் கூடினால், வரவும் கூடும். சில சமயம் முன்பணத்தையும் குறைத்து வாங்குவார்கள். டிஸ்னி கப்பல்களில் முறை வேறு. அங்கே தேதி சொல்லாமலே அறைக்கு 250 அமெரிக்க டாலர் கட்டி வைக்கலாம். 24 மாதங்களுக்குள் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்தால் கட்டணத்தில் 10 விழுக்காடு கழியும். எடுக்காவிட்டால் பணம் திரும்ப வரும். சில தேதிகளுக்கு அந்தக் கழிவு செல்லாது. உங்களுக்குப் பள்ளி விடுமுறைதான் வேண்டும் என்றால் அந்த வாரம் செல்லுமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரவுத் தொகை ஆளுக்கு அல்ல, அறைக்கு. மூன்று அறை எடுத்தால் மூன்று வரவு. அது அடுத்த பயணத்தில்தான் கிடைக்கும், இந்தப் பயணத்தின் காப்பிச் செலவில் கழியாது. கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் பொதுவாகப் பறிபோய்விடும். இதற்காக மட்டும் யாரும் பதிவு செய்ய வேண்டாம். அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் நால்வர் படகேறித் திமிங்கிலம் பார்த்துவிட்டு வரும் செலவுக்கே அது எட்டாது.

வீட்டிலேயே முடிக்கவேண்டிய வேலை

கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு, உங்கள் மனத்தில் இருக்கும் இரண்டு மூன்று பயணங்களின் விலையை இணையத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் பெயர், புறப்படும் நாள், அறை வகை, எத்தனை பேர், வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்த மொத்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு. அதோடு, அந்த மேசையில் கணினித் திரை விற்பவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். கையில் தாள் இருந்தால் "இது நல்ல விலையா?" என்று அவரிடமே கேட்கும் நிலை வராது.

அடுத்து நாள்காட்டி. எங்கள் கதையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இதுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை மாதக் கடைசியில் முடிந்துவிடுகிறது. சியாட்டில் வட்டாரப் பள்ளிகள் ஜூன் நடுவில்தான் மூடுகின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது ஒன்றரை வாரத்துக்குச் சற்று முன்பின். அலாஸ்கா பருவம் மே முதல் செப்டம்பர் வரை நீண்டிருந்தாலும், எங்களுக்குப் பொருந்துகிற புறப்பாடு ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றிருப்பவர்கள் கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். ஒரே ஒரு தேதி, அதிலும் அருகருகே மூன்று அறைகள் என்றால் முன்கூட்டிப் பிடிப்பதுதான் வழி. உங்கள் குடும்பம் இதில் எந்த வகை என்பதை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகையென்றால் அந்த மேசைப் பக்கமே போக வேண்டியதில்லை.

பிள்ளைகளின் வயதைப் பயண நாளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். பதிவு செய்யும் நாளின் வயது எதற்கும் உதவாது. ராயல் கரீபியனின் குழந்தைகள் மன்றத்தில் சேர மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும், டயப்பர் பழக்கமும் விட்டிருக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் குறைந்தது ஆறு மாதம். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கடலிலேயே ஓடும் பயணம் என்றால் ஒரு வயது. பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரத்தைத் தொடும் கர்ப்பிணியை ஏற்ற மாட்டார்கள். ஓராண்டுக்கு மேல் முன்னதாகப் பதிவு செய்யும்போது, குடும்பத்தில் புதுமணத் தம்பதி இருந்தால் இது கேட்கச் சங்கடமான கேள்விதான். கேட்க வேண்டாம், அவர்கள் அறைக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கிற கட்டண வகையை எடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

எந்த நேரத்தில் மேசைக்குப் போவது

எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் ஓடும் கடைசிக் கடல் நாளில் போகாதீர்கள். கப்பலில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் ஞானோதயம் வரும். வரிசை நீளும், ஆளுக்குக் கொடுக்கும் நேரம் சுருங்கும், ஒன்பது பேர் கதையைக் கேட்க அவருக்குப் பொறுமை இருக்காது. ஏறிய அன்றே போய் நேரம் குறித்துவிட்டு வருவது நல்லது. எந்தெந்த நேரம் திறந்திருக்கும் என்பது அன்றாட நிகழ்ச்சி நிரலிலும் செயலியிலும் இருக்கும்.

நாங்கள் பிடித்த நேரம் புக்கெட் நாள். பாத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் கரையோரம் நிற்க முடியாது. தள்ளி நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். காலையில் எல்லோரும் படகு வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தபோது, அத்தையையும் மாமாவையும் பிள்ளைகளோடு உணவுக்கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு தம்பதிகளும் அந்த மேசைக்கு முன் நிதானமாக உட்கார்ந்தோம். கரையில் எதையும் தவறவிடவில்லை. பாத்தோங் எங்கேயும் போய்விடாது.

ஒன்பது பேரும் கும்பலாகப் போகாதீர்கள். பணம் கட்டுகிறவர்கள் போனால் போதும். முதல் அமர்வில் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "இந்த மூன்று அறைகளையும் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியும்?" என்று கேளுங்கள். ஒரு நாளாவது நிறுத்தி வைக்க முடிந்தால், அந்த ஒரு நாளில்தான் அசல் வேலை நடக்கும்.

அறையை நடந்து பாருங்கள்

அலாஸ்காவுக்குப் போகும் கப்பலை சிங்கப்பூரில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். ராயல் கரீபியனின் ஆந்தம், ஓவேஷன் இரண்டும் குவான்டம் வகுப்பைச் சேர்ந்த சகோதரிக் கப்பல்கள். இரண்டுமே சிங்கப்பூரிலிருந்தும் ஓடியிருக்கின்றன, அலாஸ்காவிலும் ஓடியிருக்கின்றன. தள அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றில் இருந்துகொண்டு இன்னொன்றின் அறையைக் கணிக்கலாம். பிற நிறுவனங்களும் ஒரே வார்ப்பில் பல கப்பல்களைக் கட்டுகின்றன. உங்கள் அடுத்த கப்பல் எந்த வகுப்பு என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

குத்துமதிப்பாகச் சொன்னால், கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளங்களில் ஆட்டம் குறைவு. அலாஸ்கா என்றால் தீவுகளுக்கு நடுவே அமைதியான நீரில் போவதாகத்தான் படங்களில் காட்டுவார்கள். சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் கடலில்தான் வடக்கே போகும். முதல் இரவும் அடுத்த நாளும் ஆடும். வயதானவர்களுக்கு நடுப்பகுதி என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு மேலும் கீழும் என்ன இருக்கிறதென்று பாருங்கள். குவான்டம் வகுப்பில் 14ஆம் தளத்தின் பின்பகுதியில் விண்ட்ஜாமர் என்ற பெரிய பஃபே உணவுக்கூடம் இருக்கிறது. அதற்கு நேர் கீழே 13ஆம் தளத்தில் அறைகள். விடிவதற்கு முன்பே மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கிவிடும். தள வரைபடத்தில் இரண்டு தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இது புலப்படும். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் இன்னும் தெளிவாகப் புலப்படும். அறை எண்ணின் தொடக்கம் தளத்தைக் காட்டும் என்பதால் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் உத்தமம்.

இந்தக் கப்பல்களின் நீளம் 348 மீட்டர். லிஃப்ட்கள் இரண்டு இடங்களில் கொத்தாக இருக்கின்றன. நடைபாதையின் நடுவில் அறை எடுத்தால் ஆட்டம் குறையும், நடை கூடும். மாமாவுக்கு முழங்கால் வலி. லிஃப்டிலிருந்து எத்தனை கதவு தள்ளி இருந்தால் அவரால் சிரமமில்லாமல் நடக்க முடியும் என்று அவரையே நடக்கவிட்டுப் பார்த்தோம். பன்னிரண்டாவது கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மேசையில் "லிஃப்டிலிருந்து பத்துக் கதவுக்குள்" என்று சொல்ல முடிந்தது. விற்பவரும் வேறு அறைகளைக் காட்டுவதை நிறுத்திவிட்டார். குளியலறை வாசலில் ஒரு நிலைப்படி உயர்ந்திருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் கால் இடறுவது அங்கேதான். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அது முடியாதென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைக் கேளுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, தேவை இருப்பவர்களுக்கு மட்டுமே தருவார்கள். முன்கூட்டிக் கேட்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

எத்தனை அறை, யார் எதில் என்பதையும் கப்பலிலேயே முடிவு செய்யுங்கள். கட்டணம் ஓர் அறைக்கு இருவர் என்று போடப்படுகிறது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவு. தனியாள் ஓர் அறை எடுத்தால் ஏறத்தாழ இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். வீட்டில் தனியாக வரும் சித்தியோ பெரியப்பாவோ இருந்தால் ஒரு பேரப்பிள்ளையை அந்த அறையில் சேர்த்துவிடுங்கள். நாங்கள் இரண்டு, நான்கு, மூன்று என்று பிரிப்பதாகத்தான் இருந்தோம். பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், நாங்கள் இருவர், ஒரு குளியலறை என்ற ஏற்பாட்டில் நான்கு இரவு இருந்த பிறகு மகளே பாட்டி தாத்தா அறைக்கு மாறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மும்மூன்று பேராக மூன்று அறைகள். அத்தைக்கும் இரவில் துணைக்கு ஓர் ஆள்.

கூடுதல் ஆட்களுக்கான படுக்கை சோபாவாகவும் இருக்கலாம், கூரையிலிருந்து இறங்கி ஏணி வைத்து ஏறுவதாகவும் இருக்கலாம். எந்த அறையில் எது என்று கேளுங்கள். இன்னொன்று: அறைகள் காலியாக இருக்கும்போதே "மூன்று பேர் அறை தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் அது விற்பனைத் தந்திரம் இல்லை. ஆபத்துக் காலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூடுமிடமும் உயிர்காக்கும் படகுகளும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுதியின் ஆள் கணக்கு நிரம்பிவிட்டால் கட்டில் இருந்தாலும் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். பெரிய குடும்பங்கள் தாமதித்தால் அடிபடுவது இதில்தான்.

நடுவில் கதவு வைத்த இரட்டை அறைகளைப் பலரும் தேடி ஓடுகிறார்கள். பக்கத்து அறையும் உங்களுடையதாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கிடைத்தால் அடுத்த அறைக்காரரின் தும்மல் வரை கேட்கும். பால்கனி அறைகள் அடுத்தடுத்து இருந்தால் வேறு வழி உண்டு. பல கப்பல்களில் பால்கனிகளுக்கு இடையிலுள்ள தடுப்பு கீல் வைத்தது. அறைப் பணியாளரிடம் கேட்டால் சாவி போட்டுத் திறந்து விடுவார். எல்லாத் தடுப்பும் திறக்காது என்பதால் உங்கள் அறைப் பணியாளரிடமே எந்த வரிசையில் திறக்கும் என்று விசாரியுங்கள். அந்த மேசையில் இருப்பவரைவிட அவருக்குத்தான் இது தெரியும். எங்களுக்கு அவர் தன் நடைபாதையில் திறக்கும் ஒரு தடுப்பைத் திறந்தே காட்டினார். பிள்ளைகள் ஒரு பால்கனியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவதைப் பார்த்ததும் ஓரகத்தி சன்னல் இல்லாத உள்ளறைதான் போதும் என்ற பேச்சை விட்டுவிட்டாள்.

அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவான வகை ஒன்றும் இருக்கிறது. தனித் தம்பதிக்கு நல்லது. மூன்று அறைகள் அருகருகே வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது.

பெயர் எழுதும்போது

இந்த இடத்தில் தமிழர்கள் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விட முடியாது. எங்கள் ஒன்பது பேரில் மாமாவுக்குக் குடும்பப் பெயர் அவர் அப்பாவின் பெயர். அத்தைக்கு பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. என் கணவருக்கும் கொழுந்தனுக்கும் மாமாவின் பெயர். எனக்கு என் அப்பா பெயர். என் பிள்ளைகளுக்கு என் கணவர் பெயர். மேசையில் இருந்த இளைஞர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒரே ஒரு விதிதான்: பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டைத் திறந்து வையுங்கள். இனிஷியலை விரிப்பதோ சுருக்குவதோ வேண்டாம். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அவர்களுடைய முறை என்னவென்று கேட்டு, அதே முறையில் மற்ற சீட்டுகளையும் எடுங்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள்; முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம். கப்பல் பதிவு, விமானச் சீட்டு, காப்பீடு மூன்றிலும் அத்தையின் பெயர் ஒரே மாதிரி இருப்பதற்காக நான் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயர் வேறாக இருந்து, அப்பா உடன் வரவில்லையென்றால் அவருடைய ஒப்புதல் கடிதம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்த கையோடு காலாவதித் தேதியையும் பாருங்கள். பயணம் முடிந்த பிறகு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும், ஆகவே முந்திக்கொள்வது அவைதான். பிறகு புதுப்பித்தால் புது எண்ணைப் பதிவில் மாற்றிக்கொள்ளலாம்.

விசா

கப்பல் நிறுவனம் விசாவைப் பற்றி எதுவும் செய்யாது. அந்த மேசையில் கேட்டாலும் "உங்கள் பொறுப்பு" என்பார்கள். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலில் இறங்கும் அலாஸ்கா பயணம் முழுக்க அமெரிக்காவுக்குள்தானே என்று தோன்றும். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டு முதல் ஒரு பயணிக் கப்பல் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளைச் சுற்றிக்காட்ட முடியாது. அதனால் இந்தக் கப்பல்கள் வழக்கமாக ஒரு மாலை கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். நான் இறங்கவே போவதில்லை என்று சொல்லித் தப்ப முடியாது; சியாட்டிலில் ஏறும்போதே கேட்பார்கள்.

அத்தைக்கும் மாமாவுக்கும் கொழுந்தனைப் பார்க்க எடுத்த அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தது. கனடாவுக்குத்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். என் கணவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பதால் அவருக்கு இரண்டும். கொழுந்தன் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பதால் அவருக்கும் கனடா விசா. கிரீன் கார்டு வந்துவிட்டால் தேவையில்லை. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் இருக்கும் எனக்கும் பிள்ளைகளுக்கும் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் வாங்கும் அமெரிக்க நுழைவு அனுமதி போதும். ஆளுக்கு ஆள் இப்படி மாறுவதால் ஒன்பது பேருக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து கப்பலேறுகிறவர்களுக்கும் இதே கதைதான்: கப்பல் திரும்பி வந்து நிற்கும்போது மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறார்கள், ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும்.

பணம்

விசா நிச்சயமில்லாத ஆள் ஒருவர் இருந்தாலும், முன்பணம் திரும்பக் கிடைக்கிற கட்டணத்தையே எடுங்கள். திரும்பாத வகை மலிவாகத் தெரியும். ராயல் கரீபியனில் அந்த வகையை எடுத்துவிட்டுக் கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் பிடிப்பார்கள். ஒன்பது பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை அறைவாரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லா அறைக்கும் ஒரே வகை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதே இடத்தில் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். விலை இறங்கினால் குறைத்துத் தருவீர்களா, அப்படிக் குறைத்தால் இந்த வரவு நிற்குமா போகுமா? தேதி மாற்றினால் வரவு கூடவே வருமா? இந்தப் பதிவு எந்த நாட்டு அலுவலகத்தின் கீழ் விழுகிறது? இந்த நாடு விஷயம் முக்கியம். கொழுந்தன் அறை அமெரிக்க விதிகளின் கீழும் எங்களுடையது சிங்கப்பூர் விதிகளின் கீழும் போகலாம்; பணம், ரத்து நிபந்தனை எல்லாம் அதற்கேற்ப மாறும். இப்போதைய பயணத்தை ஒரு முகவர் மூலம் எடுத்திருந்தால் புதுப் பதிவும் அவரிடமே போய்ச் சேரும்படிதான் வைத்திருப்பார்கள். அதனால் நட்டமில்லை, நல்ல முகவர் தன் பங்குக்கும் ஏதாவது சேர்ப்பார். அவர் வேண்டாமென்றால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றுவதற்குக் கெடு உண்டு, அந்தக் கெடு எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். சிங்கப்பூர் வங்கி அட்டையில் அமெரிக்க டாலர் கட்டினால் பெரும்பாலும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகப் போகும். சிங்கப்பூர் வெள்ளியில் கட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதிச் சீட்டு மின்னஞ்சலில் வரும். அதை நம்பி எழுந்துவிடாமல் ஒரு பிரதி அச்சிட்டு வாங்கி, வரவுத் தொகை அதில் இருக்கிறதா, உறுப்பினர் எண் ஏறியிருக்கிறதா, பெயர்கள் சரியா என்று அங்கேயே வாசித்துவிடுங்கள். சைவம், ஜைன உணவு போன்றவற்றை அப்போதே குறிக்கச் சொல்லலாம். மூன்று பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று மூலையில் மூன்று மேசை போட்டுவிடுவார்கள்.

ஆனால் மூன்று அறைகளையும் ஒரே பதிவாகப் போட வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. தனித்தனிப் பதிவு, தனித்தனி அட்டை. ஓர் அறை ரத்தானாலும் மற்றவை கலையாது. குடும்பத்துக்குள் பணப் பேச்சும் குறையும். ராயல் கரீபியனில் ஏழு இரவுப் பயணத்துக்கு முழுத் தொகையை 90 நாளுக்கு முன்பு கட்ட வேண்டும். ஜூன் மூன்றாம் வாரப் புறப்பாட்டுக்கு மார்ச் மூன்றாம் வாரம். அத்தை மாமா அறைக்கு அண்ணன் தம்பி இருவரும் பாதிப் பாதி என்று மேசையிலேயே பேசி, முன்பணத்தின் பாதியைக் கொழுந்தனிடம் அன்று மாலையே வாங்கிவிட்டேன். மீதிக்கு மார்ச் முதல் தேதியில் அவருடைய கைப்பேசியில் அவர் கையாலேயே நினைவூட்டல் வைக்கச் சொன்னேன். "அண்ணி, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.